நிரந்தர வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் ஐடி: நாள் கட்டணம் எவ்வளவு கேட்க வேண்டும்?

"ஒரு நாளைக்கு 350 வெள்ளி தர்றாங்களாம். மாசத்துக்கு 22 நாள்னு வச்சாலே 7,700 வருது. இப்போ வாங்குறது 6,000 தானே... விட்டுடலாமா?"

ஐடி துறையில் வேலை செய்யும் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இப்படி ஓர் எண்ணம் வந்திருக்கலாம். சொந்தமாக நேரத்தை வகுத்துக்கொள்ளலாம், பிடித்த புராஜெக்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம், வருமானமும் கூடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்த 7,700 வெள்ளிக் கணக்கில் பல வரிகள் விடுபட்டிருக்கின்றன. சிங்கப்பூரில் நிரந்தர வேலையிலிருந்து ஃப்ரீலான்ஸுக்கு மாறினால் உண்மையில் என்னென்ன மாறும்? பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்த 'கான்ட்ராக்ட்'?

'கான்ட்ராக்ட் வேலை' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு.

முதல் வகை, வேலை ஒப்பந்தம். ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்று உங்களை 6 மாதத்துக்கோ ஓராண்டுக்கோ வேலைக்கு எடுத்து, வங்கிக்கோ வேறு நிறுவனத்துக்கோ அனுப்பிவைக்கும். சம்பளம் அந்த ஆள்சேர்ப்பு நிறுவனத்திடமிருந்து வரும். காலம்தான் குறைவே தவிர, நீங்கள் ஊழியர்தான். சிபிஎஃப் எனும் மத்திய சேம நிதி உண்டு. வேலை நியமனச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

இரண்டாவது வகை, சேவை ஒப்பந்தம். நீங்கள் சேவை வழங்குகிறீர்கள், இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள், வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். இதுதான் ஃப்ரீலான்ஸ். இங்கே நீங்கள் சுயதொழில் செய்பவர். சட்டப்படி கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய வருடாந்தர விடுப்பு, நோய் விடுப்பு, முதலாளி போடும் சிபிஎஃப் எதுவும் கிடையாது.

சரி, காகிதத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிவிட்டு, காலை 9 மணிக்கு வா, எங்கள் மடிக்கணினியில்தான் வேலை செய், வேறு வாடிக்கையாளரை எடுக்காதே என்றால்? பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, லாப நஷ்டம் யாருக்கு என்பதையெல்லாம் மனிதவள அமைச்சு கவனிக்கும். நடைமுறையில் நீங்கள் ஊழியராகத்தான் இருக்கிறீர்கள் என்றால் ஊழியருக்கான உரிமைகளைக் கேட்க வழி உண்டு.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தளம்சார் ஊழியர் சட்டம் ஐடி ஃப்ரீலான்ஸர்களுக்கு உதவுமா? உதவாது. அது வாடகை வாகன ஓட்டுநர்களுக்கும் விநியோக ஊழியர்களுக்கும் உரியது.

இப்போ அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவோம்

உங்கள் சம்பளம் 6,000 வெள்ளி, வயது 30 என்று வைத்துக்கொள்வோம். 55 வயது வரையிலான ஊழியர்களுக்கு முதலாளி 17 விழுக்காடு சிபிஎஃப் போடுகிறார். அதாவது மாதம் 1,020 வெள்ளி. அது சேர்ந்தால் 7,020. பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் இருந்தால் ஆண்டுக்கு 13 மடங்கு, 91,260 வெள்ளி. உங்கள் இப்போதைய வேலையின் உண்மையான மதிப்பு இது.

அடுத்து, ஆண்டில் எத்தனை நாளுக்குப் பணம் கேட்க முடியும்?

• வார நாள்கள்: சுமார் 260
• பொது விடுமுறை: 11 நாள்
• நீங்கள் எடுக்கும் விடுப்பு: 14 நாள்
• உடம்பு சரியில்லாத நாள்கள்: 5 என்று வைக்கலாம்
• ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை, வாடிக்கையாளரைத் தேட, இன்வாய்ஸ் போட: 30 நாள்

மிச்சம் 200 நாள். 91,260-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 456 வெள்ளி. இப்போது இருக்கும் நிலையில் அப்படியே இருப்பதற்கே இவ்வளவு தேவை. மடிக்கணினி, மென்பொருள் சந்தா, காப்புறுதி எல்லாம் இதற்கு மேல்.

350 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டால்? 200 நாளுக்கு 70,000 வெள்ளி. மாதம் 7,700 என்று தெரிந்தது, ஆண்டுக் கணக்கில் 21,260 வெள்ளி குறைவு. சிபிஎஃப்-ஐ விட்டுவிட்டுப் பார்த்தாலும், பழைய ஆண்டுச் சம்பளம் 78,000 வெள்ளி. அதைவிடவும் குறைவுதான்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். போனஸ், மருத்துவச் சலுகை என்று சேர்க்க வேண்டியதும் இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்: மாதத்தை 22-ஆல் வகுக்காதீர்கள், ஆண்டை உண்மையான வேலை நாள்களால் வகுங்கள்.

சிபிஎஃப் நின்றால் வீடு என்ன ஆகும்?

சுயதொழில் செய்வோருக்கு சிபிஎஃப் அடியோடு இல்லை என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படியில்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் மெடிசேவ் கணக்கில் கட்டாயம் பணம் போட வேண்டும். விகிதம் வயதையும் வருமானத்தையும் பொறுத்தது. 35 வயதுக்குக் கீழ் இருந்து, நிகர வருமானம் 70,000 வெள்ளி என்றால் 8 விழுக்காடு, அதாவது 5,600 வெள்ளி. இதை முதலாளி பிடித்துக் கட்டமாட்டார். உங்கள் பையிலிருந்து நீங்களே எடுத்து வைக்க வேண்டும்.

மற்ற கணக்குகளுக்குப் பணம் போடுவது உங்கள் விருப்பம். இங்கேதான் பலருக்குச் சிக்கல். வீவக வீட்டுக் கடன் தவணையைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கில் புதிதாகப் பணம் வராது. இருப்பு தீர்ந்ததும் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னும் கடன் எடுக்கவில்லை என்றால் மற்றொன்றையும் கவனியுங்கள். வங்கிகள் கடனாளியின் வருமானத்தைக் கணக்கிடும்போது, ஏறி இறங்கும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. நீங்கள் சராசரியாக மாதம் 10,000 வெள்ளி சம்பாதித்தாலும், 7,000 வெள்ளியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம், பிடிஓ வீடு என்று திட்டம் இருந்தால், வேலை மாறும் நேரத்தையும் சேர்த்தே யோசியுங்கள். துணையிடம் இதைப் பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குழந்தை பெறும் திட்டமா? தகுதிபெறும் தாய்மார்கள், பிரசவத்துக்கு முன் குறைந்தது 3 மாதம் தொடர்ந்து சுயதொழில் செய்திருந்தால், அரசாங்கம் வழங்கும் மகப்பேற்று விடுப்புத் திட்டத்தின்கீழ் இழந்த வருமானத்தைக் கோரலாம். வருமானத்தைச் சரியாகக் கணக்கில் காட்டியிருப்பது இங்கே கைகொடுக்கும்.

பணம் வரவில்லை என்றால்?

சம்பளம் தாமதமானால் ஊழியருக்குச் சட்டம் துணை நிற்கும். இன்வாய்ஸ் தாமதமானால் உங்கள் ஒப்பந்தம்தான் துணை. அதனால் வாட்ஸ்அப்பில் 'ஓகே பிரோ' என்பதோடு வேலையைத் தொடங்காதீர்கள். இவை எழுத்தில் இருக்கட்டும்:

• என்ன வேலை, எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள்
• எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள்
• பாதியில் நின்றால் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்
• சச்சரவு வந்தால் எப்படித் தீர்ப்பது

அப்படியும் பணம் வரவில்லையா? சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசப் பேச்சுக்கு உதவி கேட்கலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது.

நீங்கள் எழுதிய கோட் யாருக்குச் சொந்தம்?

ஊழியராக இருந்து எழுதிய கோட் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸராக எழுதினால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்வதுதான் வழக்கம்! உரிமை முழுவதும் வாடிக்கையாளருக்கு என்று இருந்தால், முழுப் பணமும் வந்த பிறகே உரிமை கைமாறும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். நீங்கள் எல்லாப் புராஜெக்ட்டுக்கும் பயன்படுத்தும் பொதுவான கோட் பகுதிகளைத் தனியே விலக்கி வையுங்கள்.

பொறுப்பு பற்றிய வரியையும் விடாமல் படியுங்கள். உங்கள் தவறால் கணினிக் கட்டமைப்பு முடங்கினால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டா? தனியாளாகத் தொழில் செய்தால் உங்கள் சொந்தச் சேமிப்புக்கே ஆபத்து வரலாம். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி அதற்காகத்தான்.

பதிவும் வரியும்

அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவிடம் பதிவுசெய்ய வேண்டியதில்லை. வேறு வணிகப் பெயர் வைத்தால் பதிவு கட்டாயம். வருமான வரியை மின்னியல் முறையில் தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கடைசி நாள். தொழிலுக்காகச் செய்த செலவுகளைக் கழிக்கலாம். ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள், சேவை வரிக்குப் பதிவுசெய்வது கட்டாயம்.

முக்கியமான ஒன்று: இவையெல்லாம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும். இ-பாஸ், எஸ்-பாஸ் அனுமதியில் வேலை செய்பவர்கள் அனுமதியில் குறிப்பிட்ட முதலாளிக்காக மட்டுமே வேலை செய்யலாம். வார இறுதியில் 'சின்ன சைட் புராஜெக்ட்' கூட விதிமீறல் ஆகலாம்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்

• இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் போட்டித் தடை விதியோ, வாடிக்கையாளர்களை அணுகத் தடையோ இருக்கிறதா என்று பாருங்கள்.
• ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ரொக்கமாகச் சேர்த்து வையுங்கள். முதல் இன்வாய்ஸ் பணம் கைக்கு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.
• நிறுவனத்தின் குழுக் காப்புறுதி வேலையோடு முடிந்துவிடும். உடல்நலத்தோடு இருக்கும்போதே சொந்தக் காப்புறுதி எடுங்கள்.
• ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கிறீர்களா? அவர் நிறுத்திவிட்டால் அடுத்த மாதம் என்ன செய்வீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்து, 456-க்கு மேல் தர வாடிக்கையாளர் தயார், வீட்டுத் தவணைக்கும் வழி இருக்கிறது என்றால் தாராளமாக இறங்கலாம். 350-தான் தர முடியும் என்கிறார்களா? அதே வேலையை சிபிஎஃப் உள்ள குறுகிய கால வேலை ஒப்பந்தமாகத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.