0.15 மில்லிமீட்டர் இரும்பு

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 2011 மாடலாகக் கொண்டுவந்த ஷெல்பி ஜிடி500 மஸ்டாங் காரை முந்தைய ஆண்டுக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதே 5.4 லிட்டர் வி8 என்ஜின், அதன் தலையில் காற்றை அழுத்தி ஊட்டும் அதே சூப்பர்சார்ஜர். ஆனால் பானெட்டுக்குள் 102 பவுண்டு, அதாவது சுமார் 46 கிலோ எடை குறைந்திருந்தது. என்ஜினின் உடம்பான சிலிண்டர் பிளாக்கை வார்ப்பிரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியதில் கிடைத்த லாபம் அது. எடை இறங்கிய அதே காரில் சக்தி 550 குதிரைத்திறனாக ஏறியது.

ஃபோர்டுக்கு அலுமினியம் புதிதல்ல. 1996 மஸ்டாங் கோப்ராவிலேயே 4.6 லிட்டர் அலுமினிய பிளாக் இருந்தது. இத்தாலியின் டெக்சிட் நிறுவனம் அதை வார்த்துக் கொடுத்தது. ஆனால் 2003-இல் அந்தக் குடும்பத்து என்ஜினுக்கே சூப்பர்சார்ஜர் பூட்டி 390 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனபோது, கையிலிருந்த அலுமினியத்தை விட்டுவிட்டுக் கனமான இரும்பு பிளாக்கை எடுத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து மறுபடி அலுமினியம். விவரம் தெரிந்த பொறியாளர்கள் ஏன் இப்படிப் போய்த் திரும்பினார்கள் என்று பார்த்தால், அலுமினிய பிளாக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் பிளாக் படும் பாடு. இந்த என்ஜினின் சிலிண்டர்த் துளை 90.2 மி.மீ. விட்டம் கொண்டது. காற்றை அழுத்தி ஊட்டும் என்ஜினில் எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் 100 பார் அளவுக்குச் செல்வது சாதாரணம். கணக்குப் போட்டால், ஒவ்வொரு வெடிப்பின்போதும் பிஸ்டன் தலையில் ஏறக்குறைய 6.5 டன் பாரம் இறங்குகிறது. அதே பாரம் மேலே சிலிண்டர் ஹெட்டைத் தூக்கி எறியப் பார்க்கிறது. கீழே கிராங்க் ஷாஃப்டைப் பிளாக்கிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 50 முறை நடக்கிறது. இரண்டு பக்கமும் இழுபடும் இந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, வட்டமான துளையை வட்டமாகவே வைத்திருப்பதுதான் பிளாக்கின் வேலை.

வார்ப்பிரும்பு இந்த வேலைக்கென்றே பிறந்த உலோகம். விறைப்பு அதிகம், விலை குறைவு, அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் இதழ் இதழாகக் கிராஃபைட் இருக்கிறது. பிஸ்டன் ரிங் உரசும்போது அந்தக் கிராஃபைட்டே வழுக்கலுக்கு உதவுகிறது. எதுவும் பூசாமல், துளை போட்டு, அதன் சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்தால் போதும், லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் குறைவு என்பதால் சுவர்களைத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் பிளாக்கின் எடை மூன்றில் ஒன்றாக இறங்குவதில்லை. பாதியை ஒட்டி நின்றுவிடுகிறது. வெப்பத்தை இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகக் கடத்துவது அதன் இன்னொரு வரம். வெடிப்பின் சூடு ஓரிடத்தில் தேங்காமல் கூலன்ட்டுக்குப் போய்விடுகிறது. சிக்னலில் நின்று, திடீரென்று பாய்ந்து, மறுபடி நெரிசலில் ஊரும் தெருக் காருக்கு இது சின்ன விஷயமல்ல.

சிக்கல் சிலிண்டரின் உட்சுவரில் இருக்கிறது. அலுமினியச் சுவரில் பிஸ்டன் ரிங் நேரடியாக உரசினால் சுவர் சீக்கிரமே கீறி, ஒட்டி, உரிந்துவிடும். மற்ற எந்தக் குறையையும் தடிமனால் ஈடுகட்டலாம், இதை முடியாது. அலுமினிய பிளாக்கின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சுவரைக் காப்பாற்றிய வரலாறுதான்.

எளிய வழி, அலுமினியத்துக்குள் லைனர் எனப்படும் இரும்புக் குழாயை வைத்து வார்ப்பது. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் 3.5 லிட்டர் வி8 அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட அந்த வடிவமைப்பை இங்கிலாந்தின் ரோவர் வாங்கிக்கொண்டு, ரேஞ்ச் ரோவர் உட்பட எத்தனையோ கார்களில் பல பத்தாண்டுகள் ஓட்டியது. அதன் உறவான ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை அடிப்படையாகக் கொண்ட ரெப்கோ என்ஜினை வைத்துத்தான் ஜாக் பிராபம் 1966-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்ஜினும் இதே லைனர் வழிதான். நம்பகமான வழி. ஆனால் அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். லைனரும் பிளாக்கும் எப்போதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். எல்எஸ்1 லைனர் மெல்லியது என்பதால், தேய்ந்தால் லேசாக ஹோனிங் செய்யலாமே தவிர, நம் ஊர்ப் பட்டறைகளில் செய்வதுபோல் பெரிய சைஸுக்குப் போர் போட முடியாது.

இரண்டாவது வழியில் லைனரே இல்லை. அலுமினியத்தில் 17 சதவீதம் சிலிக்கான் சேர்த்து வார்த்தால், ஆறும்போது அளவுக்கு மிஞ்சிய சிலிக்கான் தனிப் படிகங்களாகப் பிரிந்து நிற்கும். அவை சாதாரண எஃகையும் கீறக்கூடிய அளவுக்குக் கடினமானவை. துளையைச் செதுக்கி முடித்த பிறகு மேலாக உள்ள அலுமினியத்தை மட்டும் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டால் படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். ரிங் அவற்றின் மேல் ஓடும், இடையிலுள்ள பள்ளத்தில் எண்ணெய் தங்கும். எவ்வளவு அழகான யோசனை! 1970-இல் செவர்லே வேகா இதைப் பெரிய எண்ணிக்கையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. குளிரூட்டும் ஏற்பாடு போதாமல் என்ஜின்கள் கொதித்தன, சுவர்கள் கீறின, எண்ணெய் குடித்தன. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அலுமினிய பிளாக் என்றால் முகம் சுளித்தது. இதில் உலோகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். 1977-இல் போர்ஷே 928 அதே வகைக் கலவையை, லைனர் இல்லாமலே, கௌரவமாக ஓட்டிக் காட்டியது.

இன்னொரு வழி, சுவரின் மேல் மெல்லிய பூச்சு. நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதித்துப் பூசும் நிகாசில் முறையைப் பந்தயக் கார்களும் போர்ஷே 911-உம் வெற்றியோடு பயன்படுத்தின. 1990களில் பிஎம்டபிள்யூ தன் வி8 கார்களில் கொண்டுவந்தபோது, கந்தகம் அதிகமான பெட்ரோல் விற்ற நாடுகளில் அந்தப் பூச்சு அரித்துப்போனது. பந்தயத் தளத்தில் எப்போதும் சுத்தமான பெட்ரோல்தான். தெருவில் ஓடும் கார் எந்த பங்கில் எதைக் குடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

2003-இல் ஃபோர்டு இரும்புக்குப் போனதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் இரும்பை நம்பு என்பதுதான் அன்றைய நடைமுறை அறிவு. அது பொய்க்கவும் இல்லை. அந்தக் கோப்ராவை வாங்கியவர்களில் பலர் சூப்பர்சார்ஜர் புல்லியை மாற்றி, பிளாக்கைத் தொடாமலே 500 குதிரைத்திறனைத் தாண்டினார்கள். 2007 ஜிடி500-உம் இரும்போடுதான் வந்தது. வேகம் குறையவில்லை; ஆனால் மூக்கு கனம், வளைவில் திரும்ப மறுக்கிறது என்ற குறை தொடர்ந்தது. 46 கிலோ பின் இருக்கையில் இருந்தால் ஒரு பயணி. முன் சக்கரங்களின் மேல் இருந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் டயர் அதை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

2011-இல் ஃபோர்டு பிடித்தது தெளிப்பு முறை. அலுமினியச் சுவரை முதலில் வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு ஒரு சுழலும் முனை துளைக்குள் இறங்குகிறது. அதில் ஊட்டப்படும் இரும்புக் கம்பியின் நுனி பிளாஸ்மா மின்வில்லில் உருகுகிறது. வேகமான வாயு அந்த உருகலைப் பொடித் துளிகளாகச் சிதறடித்துச் சுவரில் அறைகிறது. துளி ஒவ்வொன்றும் மோதிய கணத்தில் தட்டையாகி உறைகிறது. ஒன்றன் மேல் ஒன்றாக அவை சேர்ந்ததும் ஹோனிங் செய்து முடித்தால், மிஞ்சும் பூச்சின் தடிமன் 150 மைக்ரான், அதாவது 0.15 மி.மீ. இரண்டு தலைமுடியின் கனம்!

பறக்கும் துளிகள் வழியில் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கின்றன என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அப்படி உருவாகும் இரும்பு ஆக்சைடு சுவரில் திட மசகாக வேலை செய்கிறது. துளிகளுக்கிடையே விட்டுப்போன நுண்ணிய குழிகளில் எண்ணெய் தங்குகிறது. வேறு வேலையில் குறை என்று தள்ளப்படும் ஆக்சைடும் குழியும் இங்கே நன்மையாகிவிடுகின்றன. ஜப்பானில் நிஸ்ஸானும் இதே திசையில் போனது. இரும்பு பிளாக் ஆர்பி26 என்ஜினால் பேர்வாங்கிய ஜிடி-ஆர், 2007-இல் அலுமினிய பிளாக்குக்கும் பிளாஸ்மா தெளிப்புக்கும் மாறியது. ஃபோர்டு ஜிடி500 அதற்குப் பிறகு அலுமினியத்தை விடவில்லை. 2020-இல் வந்த 5.2 லிட்டர் என்ஜின் தொழிற்சாலையிலிருந்தே 760 குதிரைத்திறன் தந்தது, அதிலும் தெளித்த சுவர்தான்.

சுவர் பிரச்சினை தீர்ந்தாலும் வேறு இரண்டைக் கவனிக்காமல் பிளாக் வாங்கக் கூடாது. ஒன்று, டெக் எனப்படும் மேல்தளம். ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து பாருங்கள். சில பிளாக்குகளில் சிலிண்டர்களைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் பள்ளம் திறந்தே கிடக்கும். அது ஓபன் டெக். எஃகு அச்சில் அழுத்தி வார்க்க வசதி, செலவு குறைவு. ஹோண்டாவின் எத்தனையோ நல்ல என்ஜின்கள் அப்படித்தான். ஆனால் டர்போ பூட்டி அழுத்தத்தை ஏற்றினால், மேல்முனையில் பிடிமானம் இல்லாத சிலிண்டர் நூலளவு அசையும், கேஸ்கட் போகும். பள்ளத்தை மேலே மூடி வார்த்தால் அது குளோஸ்டு டெக். மணல் கருவை வைத்து வார்க்க வேண்டியிருப்பதால் செலவு கூடும். இரும்பு பிளாக் 2ஜேஇசட் என்ஜினால் புகழ்பெற்ற டொயோட்டா சுப்ரா, 2019-இல் பிஎம்டபிள்யூவின் அலுமினிய பி58 என்ஜினோடு திரும்பி வந்தபோது அதன் டெக் மூடியதாகவே இருந்தது.

மற்றொன்று, சூட்டில் மாறும் இடைவெளி. கிராங்க் ஷாஃப்ட் எஃகு அல்லது இரும்பு. அதைத் தாங்கும் பிளாக் அலுமினியம். 65 மி.மீ. பேரிங் ஒன்றில் 80 டிகிரி சூடு ஏறினால் இரண்டும் விரியும் வித்தியாசம் சுமார் 0.05 மி.மீ. வரும். எண்ணெய்க்காக விடும் இடைவெளியே அவ்வளவுதான்! கிராங்க் ஷாஃப்டைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப் இரும்பு அல்லது எஃகாக இருந்தால் அந்த விரிவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஆனாலும் அலுமினிய பிளாக்கை அசெம்பிள் செய்கிறவர் குளிர்ந்த நிலையில் இடைவெளியை இறுக்கமாக வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கும் பொறுப்பு உண்டு: எண்ணெய் சூடாகும்வரை ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது, ஒருமுறை கொதித்துவிட்டால், இரும்பு மன்னிப்பதுபோல் அலுமினியம் மன்னிக்காது.

என் முடிவைக் கேட்டால், நேர்க்கோட்டில் கால் மைல் பாய்வதற்காக 1,000 குதிரைத்திறனைத் தேடுகிறவர் இரும்பையே எடுக்கட்டும். அலுமினிய எல்எஸ் என்ஜின்களைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸே அப்படிப்பட்டவர்களுக்காக எல்எஸ்எக்ஸ் என்ற இரும்பு பிளாக்கைத் தனியாக விற்றது. வளைவும் நெரிசலும் நீண்ட சாலையும் கலந்த ஓட்டத்துக்கு அலுமினியம்தான், அதுவும் டெக் மூடியது. பிளாக்கை நீங்களே வாங்கிக் கட்டுகிறீர்கள் என்றால், பின்னால் மாற்றக்கூடிய தடிமனான இரும்பு லைனர் உள்ளதைப் பாருங்கள்; தெளித்த சுவரைச் சாதாரணப் பட்டறையில் புதுப்பிக்க முடியாது. ஹோனிங் செய்யக் கொடுக்குமுன் பட்டறையில் டார்க் பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெட் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டும் தடித்த தகடு அது. ஹெட் போல்ட்டை முறுக்கும்போது அலுமினியத் துளை எவ்வளவு கோணுமோ, அந்தக் கோணலோடே வைத்துச் செதுக்கினால்தான் ஓடும்போது துளை வட்டமாக இருக்கும். இல்லை என்று சொன்னால் வேறு பட்டறை தேடுங்கள்.