கடிதங்கள் எங்கே தங்குகின்றன?

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாறுகிறவர்கள் படங்களையும் ஆவணங்களையும் பென்டிரைவில் எளிதாக எடுத்துப்போய்விடுகிறார்கள். சிக்கிக்கொள்வது மின்னஞ்சல்தான். அவுட்லுக்கில் சேர்ந்த பல வருடக் கடிதங்கள் பிஎஸ்டி என்ற ஒரே கோப்புக்குள் கிடக்கும். வேறு மென்பொருள்கள் பல அதை நேரடியாகத் திறப்பதில்லை. அதனால் மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தோற்றத்தைவிடக் கடிதங்களை அது எங்கே, எந்த வடிவில் வைக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கடிதங்கள் எங்கே இருக்கும் என்பது அஞ்சலைப் பெறும் முறையைப் பொறுத்தது. பாப் முறையில் அஞ்சல் கணினிக்கு இறங்கிவிடும். சேவையகத்தில் பெரும்பாலும் மிஞ்சாது. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப் முறையில் மூலப்பிரதி சேவையகத்திலேயே இருக்கும். எந்தக் கிளைக்குப் போனாலும் அதே வங்கிக் கணக்கு என்பதைப் போல, எந்தக் கணினியில் திறந்தாலும் அதே கடிதங்கள்.

வடிவம் ஏன் முக்கியம் என்பதற்கு யூடோரா நல்ல சான்று. ஸ்டீவ் டார்னர் 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய இந்த மென்பொருள் 1990களில் பலருக்கும் பிரியமானது. பின்னர் அதை எடுத்து நடத்திய குவால்காம் நிறுவனம் 2006இல் அதைக் கைவிட்டது. ஆனாலும் அதன் கடிதங்கள் ஏறக்குறைய எம்பாக்ஸ் என்ற எளிய உரை வடிவில் இருந்ததால், பிற மென்பொருள்களால் அவற்றைப் படிக்க முடிந்தது.

அதே எம்பாக்ஸை நம்பியிருக்கிறது தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. 2012இல் அதை உருவாக்கிய மோசில்லா அதற்கான உழைப்பைக் குறைத்துக்கொண்டபோதும் தன்னார்வலர்கள் அதை விடவில்லை. இன்று பயனர்களின் நன்கொடையில் வளர்கிறது. இயங்குதளம் மாறக்கூடும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை.

ஆப்பிள் மெயில் நேர்த்தியானது; ஆனால் ஆப்பிள் கருவிகளைத் தாண்டி வராது. விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய அவுட்லுக், ஜிமெயில் போன்ற பிற கணக்குகளின் அஞ்சலையும் மைக்ரோசாஃப்ட் மேகத்தில் நகலெடுத்து வைக்கிறது. அந்தரங்கத்தைப் பெரிதாக மதிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். லினக்ஸில், அலுவலகத்தில் எக்ஸ்சேஞ்ச் சேவையகம் உள்ளவர்களுக்கு எவல்யூஷன் என்ற மென்பொருள் கைகொடுக்கும்.

பிஎஸ்டியில் மாட்டியவர்களுக்கும் வழி உண்டு. பழைய அவுட்லுக்கிலேயே ஓர் ஐமேப் கணக்கைச் சேர்த்து, கோப்புறைகளை அதற்குள் இழுத்துவிட்டால் அவை சேவையகத்துக்கு ஏறிவிடும்; புதிய கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து அதே கணக்கில் நுழைந்தால் வந்து நிற்கும். ஏற்றுவதற்கு முன் கணக்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்: இலவச ஜிமெயிலின் 15 ஜிபியைப் படங்களும் டிரைவ் கோப்புகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன.