முதிர்ந்த பழமா, உதிர்ந்த பழமா? ‘பழமுதிர் நிலையம்’ என்ற பெயருக்குள் ஒரு புதிர்!

“பழமுதிர்ல ரெண்டு கட்டு கீரையும் கால் கிலோ பீன்ஸும் வாங்கிட்டு வந்துடு.”

கோவையிலும் சென்னையிலும் பல வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கவனித்துப் பாருங்கள், இதில் பழமே இல்லை. ‘நிலையம்’ என்ற வார்த்தையும் காணாமல்போய்விட்டது. மிச்சமிருக்கும் ‘பழமுதிர்’ என்ற துண்டே காய்கறிக் கடை என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ஆனால், அந்தத் துண்டுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் சின்னப் பிள்ளை கேட்டால், பெரியவர்களே கொஞ்சம் திணறத்தான் செய்வார்கள்.

‘காய்கறிக் கடை’ என்றால் என்ன விற்கிறார்கள் என்று தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் அதுவே ‘மரக்கறிக் கடை’. 1999-ல் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ‘உழவர் சந்தை’யின் பெயர், விற்பவர் யார் என்று சொல்கிறது. பழமுதிர் நிலையம் இவற்றிலிருந்து வேறுபட்டது. விற்கும் பொருள் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லும் பெயர் அது.

இந்தச் சொல்லை நாம் முதலில் கேள்விப்படுவது கடையில் அல்ல, முருகன் கோயிலில். மதுரை அழகர்கோவில் மலைமேல் இருக்கும் பழமுதிர்சோலை, அறுபடை வீடுகளில் ஆறாவது. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையிலேயே இந்தப் பெயர் உண்டு. ‘பழம் முதிர்ந்த சோலை’ என்று பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ‘பழங்கள் உதிரும் சோலை’ என்பவர்களும் இருக்கிறார்கள். இலக்கணப்படி இரண்டுமே சரி. ‘பழம்’, ‘உதிர்’ இரண்டும் சேர்ந்தாலும் ‘பழமுதிர்’தான்; ‘பழம்’, ‘முதிர்’ சேரும்போது ஒரு ‘ம்’ மறைந்து அதே ‘பழமுதிர்’தான்!

சில கடைப் பலகைகளில் ‘பழமுதிர்ச்சோலை’ என்று நடுவில் ஒரு ‘ச்’ சேர்த்து எழுதியிருப்பார்கள். ‘ஊறுகாய்’ மாதிரி இதுவும் வினைத்தொகை. அதனால் ‘ச்’ வரக் கூடாது. ‘நிலையம்’ என்று போட்டவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

பழமுதிர்சோலையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஔவையார் கதை எல்லோருக்கும் தெரியும். நாவல் மரத்தின் மேலிருந்த மாடு மேய்க்கும் சிறுவன், “சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?” என்று கேட்கிறான். பாட்டி சுட்ட பழம் கேட்க, அவன் கிளையை உலுக்குகிறான். கீழே விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணைப் பாட்டி ஊத, “பழம் ரொம்பச் சுடுகிறதோ?” என்று சிரிக்கிறான். நன்றாகக் கனிந்த பழத்தில்தான் மண் ஒட்டும். முதிர்ந்ததால்தான் உதிர்ந்தது. இரண்டு அர்த்தமும் அந்த ஒரு நாவல் பழத்தில் சேர்ந்துவிடுகின்றன. (கடைக்குள் பழம் உதிர்ந்தால் வியாபாரிக்கு நஷ்டம் என்பது வேறு விஷயம்!)

பக்குவத்துக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று போகும் வரிசை. மாம்பிஞ்சு என்றால் வடு, தென்னம்பிஞ்சு என்றால் குரும்பை, வாழைப்பிஞ்சு என்றால் கச்சல். கெட்டுப்போனதற்கும் தனித்தனிப் பெயர்கள்: நுனி சுருங்கினால் சூம்பல், குளுகுளுத்துப் போனால் அளியல். தேவநேயப் பாவாணர் தொகுத்துத் தந்த பட்டியலில் இவையெல்லாம் இருக்கின்றன. அதில் இன்றைக்கு நமக்கு மிகவும் தேவைப்படும் சொல் ஒன்று உண்டு. ‘வெம்பல்’. முற்றாமலேயே சூட்டில் பழுத்துவிட்ட பிஞ்சுக்கு அந்தப் பெயர்.

மாம்பழ சீசனில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் குடோன்களில் சோதனை நடத்துவது இந்த வெம்பல் சமாசாரத்துக்காகத்தான். கால்சியம் கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். அது முற்றாத காயின் தோலைக்கூட மஞ்சளாக்கிவிடும். உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்க வாய்ப்புண்டு என்பதால், அதைக் கொண்டு பழுக்க வைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதி. பழம் தானாகக் கனியும்போது வெளிவிடுவதும் எத்திலீன்தான். வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடும் பழைய முறையிலும் இதே எத்திலீன்தான் வேலை செய்கிறது.

எந்தக் கடையாக இருந்தாலும் பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூக்குதான் உதவும். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். பழம் முழுக்க ஒரே சீராகப் பளிச்சென்று மஞ்சளாக இருந்து, வாசனையே இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். அவசரமில்லாதவர்கள் முற்றிய காயாகவே வாங்கிவிடலாம். நன்றாக முற்றியது பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கும், இளங்காய் மிதக்கும். வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துவிட்டால், சில நாள்களில் வாசனையே வந்து கூப்பிடும்.