கோழித்தீவனத்தில் எலும்பின் கணக்கு

ஆடு, மாடு, பன்றி, கோழி ஆகியவற்றை இறைச்சிக்காக வெட்டியபின் எஞ்சும் எலும்பு, குடல், சவ்வு, இறகு போன்றவை வீணாவதில்லை. இவற்றை வேகவைத்துக் கொழுப்பைப் பிரித்து, உலர்த்தி அரைத்தால் புரதம் மிகுந்த தூள் கிடைக்கிறது. பல நாடுகளில் இது கோழித்தீவனத்தில் சேர்கிறது. இந்தத் தூளில் கோழிக்கு எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதே கேள்வி.

கலோரிமானியில் எரித்துப் பார்த்தால் போதாதா? போதாது. பதப்படுத்தாத இறகும் நன்றாகவே எரியும். ஆனால் கோழியின் வயிற்றில் அது பெரும்பாலும் செரிக்காது. ஆகவே உண்ட உணவின் சக்தியிலிருந்து எச்சத்தின் சக்தியைக் கழிக்க வேண்டும். பறவைகளுக்குச் சிறுநீரும் மலமும் ஒரே வழியாக வெளியேறுவதால் இந்தக் கழித்தல் எளிது. புரதத்தின் ஒரு பகுதி யூரிக் அமிலமாக வெளியேறும்போது அதிலும் கொஞ்சம் சக்தி போய்விடுகிறது. வளரும் குஞ்சு நைட்ரஜனை உடலில் சேமிக்கும், வளர்ந்த சேவல் அவ்வளவாகச் சேமிக்காது. எனவே இருவகை முடிவுகளையும் ஒப்பிட, சேமித்த ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் 8.22 கிலோகலோரி கழிப்பது வழக்கம்.

கனடாவின் சிபால்ட் 1976இல் ஒரு விரைவான முறையை வெளியிட்டார். பட்டினி போட்ட சேவலுக்கு அளந்த உணவைக் குழாய் வழியாகப் புகட்டி, அதன் எச்சம் முழுவதையும் சேகரிப்பது. உண்ணாத சேவலும் எச்சமிடும் அல்லவா? அதையும் அளந்து கழித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஆலைக்கு வந்திறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் சேவலைத் தேட முடியாது. அதற்காகத்தான் சமன்பாடுகள். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் கோழிகளின் ஊட்டத்தேவை பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் மாமிச எலும்புத் தூளுக்கான ஒன்று இருக்கிறது:

சக்தி = 33.94 × உலர்பொருள் − 45.77 × சாம்பல் + 59.99 × கொழுப்பு

மூன்றும் சதவீதத்தில், விடை கிலோவுக்குக் கிலோகலோரியில். சாம்பல் என்பது பெரும்பாலும் எலும்பின் தாதுக்கள். அதில் சக்தி இல்லை. அது கூடினால் மற்றவற்றின் பங்கு குறையும்.

உலர்பொருள் 93, கொழுப்பு 10 என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் 25 என்றால் விடை சுமார் 2610. சாம்பல் 35 என்றால் சுமார் 2150. இரண்டு மூட்டையிலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும்!

தீவனக் கலவையை இன்று கணினிதான் தீர்மானிக்கிறது. மலிவான கலவையைத் தேடும் லீனியர் புரோகிராமிங் மென்பொருள், நாம் கொடுக்கும் எண்ணைக் கேள்வி கேட்காது. தீவனத்தில் இந்தத் தூள் 5 சதவீதம் என்றால், மேற்சொன்ன வேறுபாடு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 7 கிலோ மக்காச்சோளத்தின் சக்திக்குச் சமம். முட்டைக்கோழி பெரும்பாலும் தன் சக்தித் தேவைக்கேற்ப உண்பது. சக்தி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் கூடுதலாகத் தின்னும், செலவு ஏறும். மிகுந்தால் குறைவாகத் தின்னும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துபோகும்.

சமன்பாட்டுக்கும் எல்லை உண்டு. தூள் அதிகச் சூட்டில் கருகிப் புரதம் கெட்டிருந்தாலும் சாம்பலும் கொழுப்பும் மாறாமல் இருக்கலாம். அப்போது விடை தவறும். ஆகவே சேவல் சோதனையின் தேவை இன்னும் போகவில்லை. என்றாலும், அட்டவணையின் சராசரி எண்ணை அப்படியே கணினியில் இடுவதைவிட, வந்த மூட்டையில் ஒரு பிடி எடுத்துச் சாம்பலையும் கொழுப்பையும் அளப்பது எவ்வளவோ மேல்.