சேர்ந்து பாடினால் என்ன கிடைக்கும்?



பாட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் "பாட்டுல என்ன படிப்பு இருக்கு? பரீட்சைக்கா வரப்போகுது?" என்று நம்மில் பலபேர் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவள்தான். நம் பள்ளியில் பாட்டுக்கென்று தனி டீச்சர் கிடையாது. ஆர்மோனியமும் கிடையாது. இருப்பது காலை பிரேயரும், கலைத்திருவிழா வந்தால் கூடுகிற பாட்டுக் குழுவும்தான். இந்த இரண்டிலேயே நான் கூட்டு முயற்சியையும், அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதையும் கற்றுக்கொண்டேன். அது எப்படி என்று எழுதுகிறேன்.

1. 55 விநாடிக் கணக்கு

நாம் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. அவருடைய 'மனோன்மணீயம்' நாடகம் 1891-ல் வெளிவந்தது. அதில் உள்ள பாடல்தான் இது. இப்போது நாம் பாடுகிற மெட்டைப் போட்டவர் எம்.எஸ்.விசுவநாதன். 2021 டிசம்பர் 17-ல் தமிழ்நாடு அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தது. மோகன ராகத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள்.

ஒருநாள் அறிவியல் டீச்சர் வாட்சைப் பார்த்துக்கொண்டே பிரேயரில் நின்றாங்க. முடிந்ததும் "68 விநாடி" என்றாங்க. பெண்கள் வரிசை முடித்த பிறகும் ஆண்கள் வரிசை கடைசி அடியைப் பாடிக்கொண்டு இருந்தது! எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "தனியா 55-ல முடிக்கிறது சுலபம். இத்தனை பேரும் சேர்ந்து முடிக்கணும்னா, ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கறவங்க குரலைக் கேக்கணும். நீங்க யாருமே கேக்கல, பாடுறீங்க" என்றாங்க.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, சேர்ந்து பாடுவதில் பாதி வேலை காதுக்குத்தான்.

2. யாருக்கு எட்டும் சுருதி?

முன்னால் நின்று பாட்டைத் தொடங்குவது நான். எனக்குக் கொஞ்சம் கீச்சுக் குரல். அதனால் மேல் சுருதியில் எடுப்பேன். எனக்கு அது வசதி. ஆனால் குரல் உடைந்த பெரிய பையன்களுக்கு எட்டாது. சிலபேர் இழுப்பார்கள், சிலபேர் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைத்திருந்தேன். தப்பு என் பேரில்தான்.

டீச்சர் எல்லாரையும் "ம்ம்ம்" என்று பிடிக்கச் சொல்லி, எல்லாருக்கும் எட்டுகிற சுருதியைத் தேடினாங்க. இப்போது அதிலிருந்துதான் தொடங்குகிறேன். என் குரல் முன்னைப்போல் பளிச்சென்று கேட்பதில்லை. ஆனால் பாட்டு பெரியதாகக் கேட்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் எல்லார் கைக்கும் எட்டினால்தானே இழுக்க முடியும்?

3. மூச்சும் இதயமும்

நாம் மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். உள்ளே இழுக்கும்போது வேகமாகும். பாடுவது என்பது மூச்சை நீளமாக வெளியே விடுவதுதான். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினால், எல்லாருடைய துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கும். சுவீடன் நாட்டில் பள்ளி வயதினரைப் பாட வைத்து இதைச் சோதித்துப் பார்த்து, 2013-ல் வெளியிட்டு இருக்கிறார்கள்.

நீளமான வரி வந்தால் வேறு முறை உண்டு. நான் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் பாட வேண்டும். அவள் வாங்கும்போது நான் விடாமல் பாட வேண்டும். அப்போது பாட்டு எங்கேயும் அறுந்து போகாது.

4. என் பக்கத்தில் நின்றவள்

இனி நான் எழுதுவதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதே. ஆனா நீ சிரிச்சதையும் எழுது" என்றாள்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழிக்குப் பேசும்போது திக்கும். பாடம் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். கலைத்திருவிழாக் குழுவில் டீச்சர் அவளை என் பக்கத்தில் நிறுத்தினாங்க. "பாட்டு நடுவுல நின்னுடுவா டீச்சர்" என்று அவள் காது கேட்கவே சொன்னேன்.

பாட்டு தொடங்கியது. அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நீளமான வரியில் மூச்சு முட்டி நின்றது நான்தான். அந்த இடத்தை அவள்தான் பிடித்துக்கொண்டு போனாள்.

டீச்சர் பிறகு விளக்கினாங்க. திக்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பாடும்போது திக்காது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தாலும் திக்கல் நன்றாகக் குறையும். திக்குவது அறிவுக் குறைவு அல்ல. சிரித்தால் பதற்றம் கூடி, திக்கலும் கூடும். அப்படியென்றால் இவ்வளவு நாளும் அவளுக்குக் கஷ்டத்தைக் கூட்டியது நாங்கள்தான்! எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது அவள் வாசிக்கும் முறை வந்தால், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் மெதுவாகக் கூடவே வாசிப்பாள். அதுவும் அவள் கேட்டால் மட்டும்தான். கேட்காத நாளில் நாங்கள் பேசாமல் காத்திருப்போம். யாரும் சிரிப்பது இல்லை.

5. நம் பள்ளியில் மட்டும்தானா?

இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாலு வயதுக் குழந்தைகள் 96 பேரை இரண்டு இரண்டு பேராக விளையாட விட்டார்கள். பாதிப்பேர் பாடித் தாளம் தட்டி விளையாடினார்கள். மீதிப்பேர் அதே விளையாட்டைப் பாட்டு இல்லாமல் விளையாடினார்கள். அப்புறம் ஒரு குழந்தையின் குழாயிலிருந்து கோலிக்குண்டுகள் கீழே சிதறும்படி செய்தார்கள். சேர்ந்து பாடிய குழந்தைகள்தான் அதிகமாக ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்கு 'உதவி செய்' என்று சொல்லவில்லை!

6. என் வேண்டுகோள்

நாளைக் காலை பிரேயரில் மூன்று காரியம் செய்யுங்கள்.

* உங்கள் குரலைவிடப் பக்கத்தில் இருப்பவர் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்கும்படி பாடுங்கள்.
* யாராவது வாயை மட்டும் அசைத்தால் திட்டாதீர்கள். சுருதி எட்டுகிறதா என்று கேளுங்கள்.
* நன்றாகப் பாடத் தெரியாது என்று யாரையும் குழுவிலிருந்து தள்ளாதீர்கள்.

கலைத்திருவிழாவில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தும் போன வாரம் 57 விநாடி ஆனது. இன்னும் 2 விநாடிதான் பாக்கி. சேர்ந்தே முடிப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி