ஆரோக்கியப்பச்சை: தேறியது யார், மதிப்பெண் யாருக்கு?

ஒரு செடியைப் பற்றிக் காணிகள் அறிந்திருந்ததை ஆய்வுக்கூடம் சரியென்றது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

1987 டிசம்பர். கேரளத்தின் தென்கோடியில், அகத்தியமலைச் சரிவில் விஞ்ஞானிகள் குழு ஒன்று மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களிடம் களைப்பின் அறிகுறியே இல்லை. நடந்தபடியே சில சிறு பழங்களைத் தின்றுகொண்டிருந்தார்கள். அதை வாங்கித் தின்ற விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது இளைஞர்கள் வாய் திறக்கவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத குல ரகசியம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி கிடைத்த பிறகே செடியைக் காட்டினார்கள்.

அதுதான் ஆரோக்கியப்பச்சை. காட்டு நிழலில், நீரோடைகளின் அருகே தரையோடு தரையாக வளரும் சிறு செடி. தாவரவியலில் டிரைகோபஸ் ஜெய்லானிகஸ். அதன் பெயர் நூல்களில் இருந்தது. களைப்பைப் போக்கும் குணம் காணிக் குடும்பங்களின் நினைவில் மட்டும் இருந்தது. பெரியவர்களோடு தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் போகும் பிள்ளை, எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதை நடந்தே கற்றுக்கொள்கிறது.

அனைத்திந்திய இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தின் தலைவராக இருந்த பி. புஷ்பாங்கதன் குழுவினர் அந்த அறிவை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். பழத்தின் களைப்பு நீக்கும் ஆற்றல் உறுதியானது. இலையிலும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருட்கள் இருந்தன. இலையுடன் வேறு 3 மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம். 1995இல் கோவை ஆர்ய வைத்தியப் பார்மஸிக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை பேசிய பயன் பகிர்வு காகிதத்திலிருந்து இறங்கி வந்த முதல் உதாரணங்களில் இது ஒன்று.

ஆனால் பாதியை யார் கையில் கொடுப்பது? ரகசியத்தைச் சொன்னவர்கள் ஓரிரு குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள். காணிகளோ திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டக் காடுகளில் சிதறிக் கிடப்பவர்கள். மலைக்கு இப்பால் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். மருந்தறிவு தங்கள் பொறுப்பு என்று கருதும் பிளாத்திகள், அதாவது பூசாரி வைத்தியர்கள், கொதித்தார்கள். அதை விற்க இவர்கள் யார் என்று குற்றிச்சல் பகுதிப் பிளாத்திகள் 9 பேர் 1995இல் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள்.

1997இல் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பணம் வந்துசேர 1999 ஆயிற்று: 5 லட்சத்துக்குச் சற்று மேல். இதற்கிடையே செடியைப் பயிரிட முன்வந்த காணிக் குடும்பங்களுக்கு வனத்துறை முட்டுக்கட்டை போட்டது. பயிரிடுவதாகச் சொல்லிக் காட்டுச் செடியையே பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்பது அதன் அச்சம். தலைமுறைகளாகச் செடியை அழியவிடாமல் வைத்திருந்தவர்கள் மீதே சந்தேகம். இலை வரத்துக் குறைந்தால் மருந்து குறையும். மருந்து குறைந்தால் உரிமத்தொகையும் குறையும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. உள்ளூர் மக்களின் அறிவைப் பதிவேட்டில் எழுதிவைக்க அது வழி செய்தது. 2023இல் வந்த திருத்தம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. காணிகளின் அறிவுக்கு ஏடு கிடையாது. எழுதிவைக்காவிட்டால் பெரியவர்களோடு போய்விடும். எழுதிவைத்தால் யார் கைக்கும் போகலாம்.

காட்டு வழியில் அன்று வாய் திறக்கத் தயங்கிய இளைஞர்களின் தயக்கம், அவ்வளவு அர்த்தமற்றது அல்ல.