அவரைக் கொடியில் ஓர் இறகுப் பூச்சி



சென்ற மாதம் நாம் ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது, ஒரு அம்மா தமது அவரைப் பந்தலைக் காட்டினார். "ஐயா, இது என்னங்க? காஞ்ச புல்லுக் குச்சி மாதிரி ஒட்டியிருக்கு, தொட்டாப் பறக்குது. பிஞ்சையெல்லாம் புழு திங்குது" என்றார். பக்கத்திலே, தேயிலைக்கு அடித்து மிஞ்சிய மருந்து ஒரு சோடாப் போத்தலில் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் நமக்குப் பகீரென்றது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்தக் 'குச்சி' ஒரு அந்துப்பூச்சி. இறகுப் பூச்சி என்று சொல்லலாம். மற்றப் பூச்சிகளுக்கு இறக்கை முழுசாக இருக்கும். இதற்கு முன் இறக்கை ஒவ்வொன்றும் 2 ஆகவும், பின் இறக்கை ஒவ்வொன்றும் 3 ஆகவும் பிளந்திருக்கும். ஓரமெல்லாம் மயிர் நிறைந்திருப்பதால் கோழி இறகு போலத் தெரியும். உட்காரும்போது இறக்கைகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொள்ளும். பார்த்தால் சின்னச் சிலுவை மாதிரி இருக்கும்.

இதன் வாழ்க்கை நாலு கட்டம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. தாய்ப்பூச்சி மொட்டிலும் பிஞ்சிலும் முட்டையிடும். பொரித்து வரும் பச்சை நிறப் புழுவுக்குக் குட்டை மயிர் இருக்கும். மொட்டைத் துளைப்பதும் பிஞ்சைத் தின்பதும் இதுதான்; பறக்கும் பூச்சி காயைத் தின்பதில்லை. வளர்ந்த புழு பட்டுப்புழு மாதிரி கூடு கட்டாது. வால் நுனியால் காயிலோ இலையிலோ ஒட்டிக்கொண்டு, வெறும் உடம்போடேயே கூட்டுப்புழுவாகும். சில நாளில் பூச்சி வெளியே வரும்.

கூடு இல்லாததால் அது நம் கண்ணுக்கு லேசாகப் படும். அதுதான் நமக்கு வசதி. மூன்று நாளைக்கு ஒரு தடவை காலையில் கொடியைப் பாருங்கள். ஓட்டை விழுந்த மொட்டு, புழு இருக்கும் காய், ஒட்டியிருக்கும் கூட்டுப்புழு எல்லாவற்றையும் பறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். காய்த்து முடிந்த கொடியைப் பந்தலிலே விட்டு வைக்காதீர்கள்.

தேயிலை மருந்தை மட்டும் மரக்கறிக்கு அடிக்கவே வேண்டாம். இன்று அடித்த கொடியில் நாளைக்குக் காய் பறித்துப் பிள்ளைக்குக் குழம்பு வைப்போம். கழுவினாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பூவுக்கு வரும் தேனீயும் சாகும். அதைவிடப் பயங்கரம் அந்தச் சோடாப் போத்தல். தாகத்தில் ஓடிவரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது மருந்தென்று தெரியுமா?

அன்றே அந்தப் போத்தல் ஸ்டோருக்குத் திரும்பிப் போனது. உங்கள் வீட்டு மூலையிலும் அப்படி ஒன்று இருந்தால், இன்றைக்கே கொண்டுபோய் ஒப்படையுங்கள்.